குடைப் பொங்கல்

"பொங்கல் மொட்டை மாடியிலதான். சூரியன் பார்க்கப் பானை வைக்கணும். புது மருமகதான் பக்கத்துல நின்னு கிண்டணும். நம்ம ஊர் வழக்கம்!"

மாமியார் காஞ்சனா சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது.

ஆனால் மருமகள் சாஹித்யாவின் தோலுக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் பட்டால் போதும், கழுத்தும் கையும் சிவந்து தடித்து, அரிப்பு பிடுங்கி எடுத்துவிடும். கணவன் ஜெயந்துக்கு விஷயம் தெரியும், மாமியாரிடம் சொல்லவில்லை. போன வாரம் துணி உலர்த்தப் போய்த் தடித்ததைக்கூட, "கொசு கடிச்சிடுச்சு அத்தை" என்று சமாளித்தாயிற்று. கல்யாணமாகி வந்ததும் வராததுமாக சீக்குக்காரி என்று பேர் வாங்கவா?

"அம்மாகிட்ட நான் சொல்லிடறேனே" என்றான் ஜெயந்த்.

"நக்கோ, வேணவே வேணாம்! அத்தைகிட்ட சொன்னா இந்த மாரெட்பள்ளி ஏரியா முழுக்க மைக் வெச்ச மாதிரிதான்!"

பொங்கலன்று காலையில் கை, கழுத்தெல்லாம் வெயில் க்ரீமை அப்பிக்கொண்டு படியேறினாள், பாவம். மாடிக் கதவிலேயே மறித்தாள் காஞ்சனா.

"என்ன ரவிக்கை இது? போய் முழுக்கை போட்டுட்டு வா. தலையில முக்காடு போட்டுக்கோ. அப்படியே குடையும் எடுத்துக்கோ."

"குடையா அத்தை?"

"பின்னே? பானை பொங்கற வரைக்கும் புதுப் பொண்ணு மேல வெயில் படக்கூடாது. நம்ம ஊர் வழக்கம். ஏய் கமலம், உனக்கும்தான். பானைகிட்ட நிக்கிற பொம்பளைங்க எல்லாரும் குடை பிடிக்கணும்!"

பக்கத்து ஃப்ளாட் கமலத்துக்குப் பொறுக்கவில்லை. "இந்தக் காலத்துல போய் முக்காடா? சின்னப் பொண்ணை ஏன் இந்தப் பாடு படுத்தறே?"

"வழக்கம்னா வழக்கம்தான்."

மாமனார் ரகுநாதன் வாயைத் திறந்தார். "ஏன் காஞ்சனா, இது எப்ப..."

"நீங்க கரும்பை வெட்டுங்க!"

அவர் கரும்பை வெட்டப் போய்விட்டார்.

பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று அத்தனை குடைகளும் சேர்ந்து குதித்தன. கீழ் வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ஓடிவந்து போட்டோ எடுத்தார்கள். அவர்களிடம் கமலம், "எங்க பக்கமும் உண்டு, நான்தான் மறந்துட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

சாஹித்யா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தடிப்பு இல்லை! அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

சாப்பாடு முடிந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவள், உள்ளே மாமனார் குரல் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"நான் அம்பாசமுத்திரத்துலயே பொறந்து வளர்ந்தவன் காஞ்சனா. அங்க எவ குடை பிடிச்சுக்கிட்டுப் பொங்கல் வெச்சா?"

"மெதுவா பேசுங்க. வெயில் பட்ட இடமாப் பார்த்து எந்தக் கொசு கடிக்கும்? பாவம், சொல்லப் பயப்படுது. அதுவா சொல்ற வரைக்கும் நாம கேக்க வேண்டாம்."

"அதுக்காக நம்ம ஊர் பேரைச் சொல்லிப் பொய்யா?"

"என்ன பொய்? அம்பாசமுத்திரம்னா சொன்னேன்? நம்ம ஊர்னுதானே சொன்னேன்! இது மாரெட்பள்ளி வழக்கம். இன்னிக்குக் காலைலதான் ஆரம்பிச்சுது."