கண் திறப்பவள்

இறந்தவர்களின் படத்தில் மூடிய கண்களைத் திறந்து வைப்பதுதான் ஸ்டுடியோவில் செல்வக்கனியின் வேலை. இத்தனை வருஷமாக மவுஸால் வரைந்தவள், பேனாவால் வரையும் டேப்லெட் வாங்கக் கடைக்கு வந்திருந்தாள்.

"சின்னது, புதுசா கத்துக்கிறவங்களுக்கு மேடம். கை இங்க ஓடும், படம் கம்ப்யூட்டர்ல தெரியும். உங்களுக்கு இந்தப் பெரிசுதான் சரி. படத்து மேலயே கை வெச்சு வரையலாம்" என்றான் கடைக்காரப் பையன்.

அவள் கொண்டுவந்த படத்தை அதில் திறந்தான். கண் விழிக்காமலே போய்விட்ட சிசு. 'அவங்கம்மா கண்ணு மாதிரி இருக்கட்டும்' என்று தகப்பன் சொல்லியிருந்தார்.

பேனாவைப் பிடித்துக் குழந்தையின் கன்னத்தில் கையை ஊன்றினாள். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. வெடுக்கென்று எடுத்தாள்.

"காலையிலேர்ந்து ஓடுதுல்ல மேடம், ஸ்கிரீன் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தச் சின்னதையே குடுங்க."