தாய் பெயர்: மரகதம்

பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் மரகதம் என்று இருந்தது.

ரஞ்சித்குமாரின் அம்மா பெயர் வசந்தாமணி. டிரையரிலிருந்து எடுத்த துணிகளைச் சோபாவில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வெள்ளியங்கிரி போன வருடம் போய்ச் சேர்ந்தார். கோவையில் அம்மாவுக்கு இனி யாருமில்லை. பேர்லேண்டிலேயே தன்னோடு வைத்துக்கொள்ள கிரீன் கார்டு வாங்க வேண்டும். இத்தனை நாள் பள்ளிச் சான்றிதழை வைத்தே ஓட்டியவன், இதற்காக ஊரில் ஆள் வைத்துப் பழைய காகிதங்களைத் தேடச் சொன்னான்.

மூன்று வந்தன.

எழுபத்தொன்பதில் கோயில் கல்யாணப் பதிவு. வெள்ளியங்கிரி, வசந்தாமணி.

எண்பத்தொன்றில் மில் லைன் வீடுகளில் எடுத்த குடிக்கணக்கு. வெள்ளியங்கிரி, மனைவி மரகதம், இருவரும் மில் தொழிலாளிகள்.

எண்பத்துமூன்றில் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் குழந்தை. அது அவன்.

மனைவி வான்மதி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "மாமா வாயே தொறக்காம இருந்தப்பவே எனக்கு டவுட்டு," என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அம்மாவின் மூக்கைப் பார்த்தான். காது மடலைப் பார்த்தான். கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான்.

கேட்டேவிட்டான்.

"அட, அது நாந்தான் கண்ணு. மரகதம் வேலைய உட்டுப்போட்டு ஊரோட போயிட்டா. அவ பேர்ல நான் மில்லுக்குப் போனேன். கணக்கெடுக்க வந்தவனுக்கும் அந்தப் பேருதான். பிரசவமும் அந்தப் பேர்லதான். இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குள்ள உட்டிருப்பானா?"

கை நிற்காமல் சொன்னாள்.

ஒருத்தி பேரில் இன்னொருத்தி வேலைக்குப் போவது மில் லைனில் புதிதல்ல. சிறு வயதில் அவனே கேள்விப்பட்டிருக்கிறான். பெற்றவளைச் சந்தேகப்பட்டோமே என்று கூசியது.

"அவ்ளோதானாம்மா? அப்ப ப்ராப்ளமே இல்ல. டிஎன்ஏ டெஸ்ட் ஒண்ணு எடுத்து சப்மிட் பண்ணலாம்னு லாயர் சொல்லிட்டாரு. கன்னத்துக்குள்ள பஞ்சை வெச்சுத் தொடைப்பாங்க. ரெண்டு நிமிஷ வேலை."

வசந்தாமணி மடித்த சட்டையை உதறினாள். மறுபடி மடித்தாள். மறுபடி உதறினாள்.

"இந்த ஊருக் குளிரு எனக்கு ஒத்துக்கறதில்ல கண்ணு," என்றாள். "என்னைய ஊருக்கே அனுப்சுபோடு."

வெளியே ஆகஸ்ட் மாத வெயில் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது.