ஏழாம் நம்பர் கதவு

'ஏழாம் கதவு திறந்தது' என்று திரையின் முதல் வரியில் இருந்தது.

அவன் அப்படி எதையும் கேட்கவில்லை. சிங்கத்துக்கு இன்று எத்தனை கிலோ இறைச்சி என்று மட்டும்தான் கேட்டிருந்தான்.

மிருகக்காட்சிசாலையின் கணினிக்காரன் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பது. ஏழாம் கதவுக்கு அந்தப் பக்கம் சிங்கம். இந்தப் பக்கத்து முற்றத்தில், காலை ஒன்பது மணிக்குத் தரை கழுவுகிறவள் அவன் மனைவி.

போன வாரம்தான் கதவுகளுக்கென்று, பைத்தான் என்ற கணினி மொழியில், சொந்தமாக ஒரு மாட்யூல் எழுதினான். பெரிய வித்தை இல்லை. ஒரு தனிக் கோப்பு, அவ்வளவுதான். எந்தக் கூண்டில் எந்த மிருகம் என்று சொல்ல அதில் ஒரு ஃபங்ஷன், கதவைத் திறக்க ஒன்று. மூடுவதற்கு வியாழக்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, கோப்பின் அடியில் ஏழாம் கதவைத் திறக்கச் சொல்லி ஒரு வரி போட்டான். திறந்தது. அன்றைக்குச் சிங்கம் பல் டாக்டரிடம் போயிருந்தது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனவன், அந்த வரியை அழிக்க மறந்துபோனான்.

தீனிப் பட்டியலுக்கு அந்தக் கோப்பிலிருந்து மிருகங்களின் பெயர் மட்டும்தான் வேண்டியிருந்தது. அதைத் தன் தீனிக் கணக்குக்குள் இழுத்துக்கொள்ள, 'இம்போர்ட்' செய்தான். பைத்தானுக்கு இங்கிதம் போதாது. ஒரு கரண்டி இரவல் கேட்டால், அடுப்பையும் பற்றவைத்துவிட்டுத்தான் கரண்டியை நீட்டும். கோப்பை மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் ஓட்டிவிட்டுத்தான் கேட்டதைத் தரும்.

அந்தக் கடைசி வரியையும்.

முற்றத்துக்கு ஓடினால் அவனுக்குப் பத்து நிமிடம். சிங்கம் ஆறு எட்டு வைத்தால் போதும்.

வாக்கி-டாக்கியை எடுத்தான். அவசரத்தில் முதலில் யானைக் கொட்டகையைக் கூப்பிட்டான். அங்கிருந்தவன் சாவகாசமாக வணக்கம் சொன்னான். அவனை வெட்டிவிட்டு முற்றத்துக்கு மாற்றினான்.

மனைவியோடு பேசி நான்கு நாளாகிறது. மாமியாரைப் பேருந்து நிலையத்தில் மறந்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

"இந்தாம்மா, ஓடாத. மெதுவா சுவரோட ஒட்டி நில்லு. ஏழாம் கதவு திறந்திருக்கு."

குழாய்த் தண்ணீர் தரையில் பீய்ச்சும் ஓசை மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியும்," என்றாள், நிதானமாக. "நாலு நாளா ஒன்பது மணிக்குத் திறந்துதான் விடுறீங்க. இன்னிக்குத்தான் திறந்துட்டுச் சொல்றீங்க."

அவன் திரையைப் பார்த்தான். நான்கு நாளாக எல்லா மிருகங்களின் பட்டியலும் ஓடியது, முந்நூறு வரி. முதல் வரி மேலே போய் மறைந்திருக்கும். இன்றுதான் சிங்கம் மட்டும் போதும் என்று சுருக்கியிருந்தான்.

"சிங்கம்?" என்றான்.

"துடைப்பத்தை ஓங்கினா உள்ள போயிடுது. சொன்னா கேக்குற ஜீவன். கதவை நான்தான் இழுத்துச் சாத்துறேன்."

"நான் திறக்கலம்மா. இம்போர்ட் பண்ணேன், அதுவா..."

சொல்லும்போதே, அவன் பேச்சை அவனாலேயே நம்ப முடியவில்லை.

"சரி, சரி. விடுங்க." நான்கு நாளில் முதல்முறையாக அவள் குரலில் கனிவு இருந்தது. "டப்பாவில வச்சு அனுப்பினத சாப்பிட்டாச்சா?"

மேசைமேல் டப்பா திறந்து கிடந்தது. வழித்துத் துடைத்ததுபோல் காலியாக இருந்தது. சாப்பாடு இன்று ஏனோ கொஞ்சம் கசந்தது இப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது.