கட்டி இருந்த இடம்

லம்பா லைன் குடியிருப்பில் இருக்கும் அந்த வீட்டில் நடுப்பகலிலும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். தோல் புற்று முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் அந்தப் புது மாத்திரையைத் தின்றால் வெயில் பட்ட இடமெல்லாம் வெந்துபோகிறது. வாரா வாரம் சிவஞானத்தின் தொடைக் கட்டியைச் சுற்றி மனைவி மரகதம் பேனாவால் வட்டம் போட்டு அளவெடுக்கிறாள். பழைய வட்டங்கள் அழியாமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக் கிடக்கின்றன. இன்று அவள் விரல் தடவித் தடவிப் பார்க்கிறது, கட்டியைக் காணோம். “மருந்து கேட்டிருச்சுங்க,” என்று சிரிக்கிறாள். சிவஞானம் சிரிக்கவில்லை. சுனாமியன்று காலை, கச்சால் தீவில், திடீரென்று வெறுமையான மணலில் மீன் பொறுக்க ஓடிய பிள்ளைகள் அவர் கண்ணில் நிற்கிறார்கள். “வட்டத்தைப் போட்டு வை புள்ள,” என்கிறார். “கடலும் அன்னைக்கு இப்படித்தான் உள்ள போச்சு.”