ஃபேமிலி சீன்

"இன்னா வசந்தாக்கா, உங்க ஊட்ட கேமரா ஒத்துக்கலையா?"

கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடி விஜி கேட்டாள். அடுத்த தெருக்காரி. சிரிப்பை அடக்கக்கூட இல்லை.

வசந்தாவுக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டு வாசலில் சினிமா வேன் நின்றிருந்தது. விளக்குகளை ஆட்கள் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாளை ராத்திரி அங்கேதான் ஷூட்டிங்.

போன வாரம் அந்த மேனேஜர் தினகரன் முதலில் ஏறியது இவள் வீட்டுப் படியைத்தான். ஹாலை அளந்தான். வாசலில் நின்று போட்டோவாக எடுத்துத் தள்ளினான்.

"ஃபேமிலி சீன்மா. இந்த மாதிரி ஊட்டத்தான் தேடிக்கினு இருந்தோம்" என்றான்.

அன்றைக்கே திருமழிசை நாத்தனார் வரைக்கும் போன் பறந்தது. ஹீரோவுக்குக் காபி எந்த டம்ளரில் கொடுப்பது என்பது வரை வசந்தா முடிவு செய்து வைத்திருந்தாள்.

மறுநாள் பார்த்தால், தினகரன் எதிர்வீட்டு கிருஷ்ணப்பிரியாவோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறான். அதோடு சரி. அதற்கப்புறம் அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கிருஷ்ணப்பிரியாவுக்கு என்ன குறைச்சல்? அயனம்பாக்கம் ஏரி தெரிகிற மாதிரி பால்கனி வைத்து வீடு கட்டியாயிற்று. தை மாதம்தான் கிரகப்பிரவேசம். அந்தப் பளபளப்பான கேட் திறக்கிற ஓசை கேட்டாலே வசந்தாவுக்கு வயிறு எரியும். இப்போது சினிமாவும் அங்கேயே போய்விட்டது.

"நடுவுல பூந்து தட்டிக்கினு போய்ட்டா" என்று கணவரிடம் குமுறினாள்.

"போனா போவுது வுடு. நமக்கு இன்னாத்துக்கு அந்தக் கூத்து?" என்றார் தசரதன்.

"தெருவே சிரிக்குது, உனுக்கு இன்னா? ராத்திரியெல்லாம் ஜெனரேட்டரு, மைக்கு, கூச்சல். நெறமாசப் பொண்ண ஊட்ல வெச்சிக்கினு கீறோம். அவ தூங்க வாணாமா?"

சொல்லி முடித்த பிறகுதான், அது எவ்வளவு நல்ல காரணம் என்று அவளுக்கே தெரிந்தது.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கவிப்பிரியா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லம்மா. நானே ஜன்னல்ல உக்காந்து பாக்கலாம்னு இருந்தேன்."

"நீ ஒண்ணும் பாக்க வாணாம். உள்ளயே கெட" என்றாள் வசந்தா. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

எஸ்.ஐ. அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் போடக் கூடாது, அதுதான் ரூல். இவங்க பர்மிஷன் கேட்டிருக்காங்க, நான் இன்னும் குடுக்கல. நிறைமாசக் கர்ப்பிணி இருக்காங்கன்னு நீங்க ஆட்சேபணை சொன்னா, நிறுத்திடுவேன்."

வசந்தாவுக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது.

தினகரனை வரவழைத்தார்கள். பாவம், வியர்த்து வழிய ஓடி வந்தான்.

"மேடம், ஆர்ட்டிஸ்ட் கால்ஷீட் நாளைக்கு ஒரு ராத்திரிதான். ஜெனரேட்டர ஏரிக்கரைப் பக்கம் தள்ளி வெச்சிடுறோம். சத்தத்தையும் கொறச்சிக்கிறோம்."

"என்ன சத்தம் வரும்?" என்றார் எஸ்.ஐ. அம்மா.

"மேளம் மேடம்."

"என்ன மேளம்?"

தினகரன் வசந்தாவை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சாவு மேளம்."

வசந்தா திடுக்கிட்டாள். "சாவு மேளமா? ஃபேமிலி சீன்னு சொன்னியேப்பா?"

"சாவுன்னா ஃபேமிலிதானேம்மா அழுவும்? நெசத்த மொதல்லயே சொன்னா எவனும் ஊடு தர மாட்டான். அதான் எல்லா எடத்துலயும் அப்டி சொல்றது. தப்புதான்."

வசந்தாவுக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. கிரகப்பிரவேசம் பண்ணி வருஷம் திரும்பாத வீட்டில் பிணமா? நன்றாக வேண்டும் அவளுக்கு.

"அப்ப அந்தப் பொண்ணையும் ஏமாத்திட்ட. புது ஊடு கட்டினவ. பாவம்" என்றாள். குரலில் பாவம் மட்டும் இல்லை.

"இல்லம்மா. அவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா ஒத்துக்கினா?" வசந்தா எஸ்.ஐ. அம்மா பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா மேடம்? சினிமா ஆசை எப்டி கண்ண மறைக்குது பாருங்க! எனக்கு வந்த ஷூட்டிங்கு. அவ நடுவுல பூந்து தட்டிக்கினா. இல்லன்னு சொல்லச் சொல்லுங்க இவன!"

"இல்லன்னு சொல்லலம்மா" என்றான் தினகரன். "அவங்கதான் நடுவுல பூந்தாங்க."

"கேட்டீங்களா!"

"உங்க ஊட்ல எடுக்கறதுக்குத்தான் எல்லாம் ரெடி பண்ணோம். சாவு ஊட்டு ஐஸ் பொட்டி ஒண்ணு வாடகைக்கு எடுத்தேன். ஷூட்டிங் வரைக்கும் அத வெக்கறதுக்கு எதிர்ல எடம் கிடைக்குமான்னு போட்டோ காட்டி அவங்களக் கேட்டேன். பாத்த உடனே புரிஞ்சிக்கினாங்க. எந்த ஊட்ல சாவுன்னு கேட்டாங்க. உங்க ஊட்டக் காட்டினேன்."

தினகரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"'ஐயோ, அந்த ஊட்ல நெறமாசப் பொண்ணு கீதுங்க. பொட்டிய எங்க ஊட்டு ஹால்லயே எறக்குங்க'ன்னு சொல்லிட்டாங்கம்மா."