கோடு படிக்கும் டிரஸ்ஸர்

பேச்சாயியின் இரண்டு கைகளும் இடது காலும் உப்புத் தண்ணீர் வாளிகளில் ஊறுகின்றன. ஜொகூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் புது மெஷின் அவள் இருதயத் துடிப்பைக் கோடாக எழுதுகிறது. நோய் என்று கோடு சொன்னால் தோட்டத்தில் இலேசான வேலை. இல்லையென்றால் பழையபடி விடிவதற்குள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகவேண்டும். டாக்டருக்கு உதவியாளரான, டை கட்டிய டிரஸ்ஸர் சிவக்கொழுந்து, கோடு பதிந்து ஈரம் சொட்டும் படச்சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். கோடு படிக்கும் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தைக் கரைத்துக் குடித்தவர். உடம்பு நடுங்கினால் கோடும் நடுங்கும் என்று அதில் இருக்கிறது. இருதயமே தாறுமாறாகத் துடிப்பது இரண்டாம் அத்தியாயம்; அதற்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. “ஆடாம இரு பிள்ளை! கோடெல்லோ கூத்தாடுது.” “நான் ஆடலீங்கய்யா. உள்ளாறதான் அடிச்சிக்குது.” அவள் மூச்சையும் அடக்கிக்கொண்டு கல்லாய் உட்காருகிறாள். மூன்றாவது சுருளும் அப்படியே வருகிறது. “நடிப்பு, சார்” என்று சிவக்கொழுந்து ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொல்கிறார். டென்னிஸ் மட்டையோடு நிற்கும் வெள்ளைக்கார டாக்டர், சுருளைப் பார்க்காமலே அவர் கையைக் குலுக்குகிறார். வாசலில் அவளைக் கூட்டிவந்த தோட்டத்துக் கங்காணி சிரிக்கிறார். “மெஷினே சொல்லிருச்சு புள்ள. காலையில பெரட்டுக்கு வந்து ஆளோட ஆளா நின்னு பேரு குடுத்துரு.” எழுந்த பேச்சாயி தள்ளாடி மேசையைப் பிடித்துக்கொள்கிறாள். முகமெல்லாம் வேர்வை. “பார்த்தியளோ?” என்கிறார் டிரஸ்ஸர், பெருமை தாங்காமல். “இப்பவும் நடிப்பை விடுறாளில்லை.”