கதவைப் பார்த்த கட்டில்

மருந்துப் போத்தல் அப்படியே இருந்தது. போன கிழமை நிரோஷா தன் கையால் ஊற்றிக் கொடுத்த முதல் வேளை மட்டும்தான் குறைந்திருந்தது.

"அன்ரி, அங்கிளின்ரை நோவுக்குத் தந்த இந்தப் பாணி மருந்து குடுக்கிறேல்லையோ?"

அவர் மனைவி பாலேஸ்வரி டிவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. தலை வாரி, பொட்டு வைத்து, எங்கோ வெளிக்கிடுகிறவ போல நல்ல சேலை உடுத்தியிருந்தா.

"அவருக்கு என்ன வருத்தம்? ஒண்டுமில்லை. காலமையும் கடற்கரையிலை நடந்துபோட்டுத்தான் வந்தனாங்கள்."

நிரோஷா கட்டிலில் கிடந்த ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்த்தாள். முதுகெலும்பு வரைக்கும் புற்றுநோய் பரவிய மனிசன். வோக்கரைப் பிடித்துப் பாத்ரூமுக்குப் போய்வரவே உயிர் போகும். அவரோடு கடற்கரையில் நடந்தாவாம்.

வெள்ளவத்தையில் இருந்த அந்த பிளாட்டுக்கு அவள் வருவது இது இரண்டாம் தடவை. வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நேர்ஸ் அவள். லண்டனில் இருக்கிற அவர்களின் மகள் சுபோதினி வந்து நின்றபோது ஒழுங்கு பண்ணிவிட்டுப் போனது. அன்றைக்குக் கட்டில் அறைக்குள் இருந்தது. இன்றைக்கு ஹோலில், வாசல் கதவுக்கு நேரே கிடந்தது. படியில் ஏறி இறங்குகிறவர்களின் சத்தமெல்லாம் தலைமாட்டில் கேட்டது.

அறையைத் தனக்கு வைத்துக்கொண்டு நோயாளியைத் தூக்கி வாசலில் போட்டிருக்கிறா என்று நிரோஷா நினைத்தாள்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அங்கிள், நோ எப்பிடி இருக்கு? நோவே இல்லையெண்டால் பூச்சியம். தாங்கவே ஏலாதெண்டால் பத்து. எத்தினை சொல்லுவியள்?"

"இரண்டு எண்டு போடுங்கோ பிள்ளை."

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் அவர் நெற்றி வியர்த்திருந்தது. தாடை இறுகியிருந்தது. விரல்கள் போர்வையைச் சுருட்டிப் பிடித்திருந்தன. முதுகைப் பார்க்க மெல்லத் திருப்பினாள். சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"இது இரண்டில்லை அங்கிள்."

"வயசு போனால் உளைவு இருக்கும்தானே."

"மருந்துக்குப் பழகிப்போவன் எண்டு பயப்பிடுறியளோ? இல்லாட்டி வயிறு இறுகுதோ? எல்லாத்துக்கும் வழி இருக்கு."

அவளைத் தாண்டிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரோஷாவால் பொறுக்க முடியவில்லை. எழும்பிப் பாலேஸ்வரியின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, கண்ணுக்கு முன்னாலை ஒரு மனிசன் துடிக்கிறார். ஒரு கரண்டி மருந்து ஊத்திக் குடுக்க உங்களுக்கு மனம் வரேல்லையோ? இண்டைக்கே மகளுக்குச் சொல்லப்போறன்."

பாலேஸ்வரி சிரித்தா. "தேத்தண்ணி குடிக்கிறியளோ பிள்ளை?"

"அவவைப் பேசாதேங்கோ," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "நான்தான் மருந்து வேண்டாம் எண்டு இருக்கிறன். மகளுக்கும் சொல்லாதேங்கோ."

"ஏன் அங்கிள்?"

அவர் வாயெடுக்குமுன் பாலேஸ்வரி எழும்பி, ஹாண்ட்பாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவடிக்குப் போனா. கொண்டியை இழுக்கத் தொடங்கினா.

"பாலேஸ்."

அந்த உடம்பில் இருந்து இப்படி ஒரு குரல் எழும்பும் என்று நிரோஷா எதிர்பார்க்கவில்லை.

"வெளியிலை மழை. விட்டாப் பிறகு போவம். வந்து இரும்."

வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் பாலேஸ்வரி கையை எடுத்துவிட்டு, சொன்னது கேட்கிற பிள்ளையைப் போல வந்து கதிரையில் இருந்தா.

அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்கள் தந்தது நல்ல மருந்து பிள்ளை. எத்தினையோ மாதத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அயர்ந்து நித்திரை கொண்டனான். முழிச்சுப் பார்த்தால் கதவு திறந்து கிடக்கு. ஆளைக் காணேல்லை. காலிக்குப் போற பெரிய வீதிக்கு நடுவிலை, வாகனங்களுக்குள்ளை நிண்டவவாம். கீழ்க்கடை ஷிப்லிதான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டவர்."

நிரோஷா பாலேஸ்வரியைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"கதவைப் பூட்டி வைக்கேலாதோ?"

"பூட்டிப் பார்த்தனான். கதவிலை தலையை மோதி அழுறா. மகளுக்குத் தெரிஞ்சால் அவவை எங்கையாவது ஒரு ஹோமிலை சேர்த்துப்போடுவாள். என்னைக் காணாட்டி அவ இருக்கமாட்டா பிள்ளை." கண்ணை மூடித் திறந்தார். "நான் முழிச்சிருக்கோணும். நோ இருக்குமட்டும் நித்திரை வராது."

நிரோஷா மருந்தை அளந்து ஊற்றினாள்.

"பொழுதுபடுமட்டும் நான் இஞ்சைதான் இருப்பன். கதவை நான் பார்த்துக்கொள்ளுறன். குடியுங்கோ."

நாளைக்கு யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

மெல்ல மெல்ல விரல்கள் போர்வையை விட்டன. தாடை தளர்ந்தது. மூச்சு சீராகி, சின்னதாய்க் குறட்டையும் வந்தது.

நிரோஷா கதிரையைக் கதவுக்குக் குறுக்கே போட்டு இருந்துகொண்டாள். சற்று முன் தான் பேசிய பேச்சை நினைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பாலேஸ்வரி எழும்பிக் கட்டிலடிக்கு வந்தா. கசங்கிக் கிடந்த போர்வையை உதறி அவருக்கு நெஞ்சு வரை இழுத்து மூடினா. சேலைத் தலைப்பால் நெற்றி வியர்வையை ஒற்றியெடுத்தா. பிறகு நிரோஷாவிடம் வந்து குனிந்து, அவர் எழும்பிவிடாதபடி மெதுவாகக் கேட்டா:

"பாவம், இந்த ஐயா. பார்க்கிறதுக்கு இவருக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை?"